வெளுத்த வேட்டி, அடைத்த கூந்தல்: எடிட்டிங்கில் ஹைலைட், ஷேடோ விவரங்களைக் காப்பாற்றும் வழி

மாப்பிள்ளை மண்டப வாசலில் நுழையும் ஷாட். பட்டு வேட்டி, காலை வெயில் முழுக்க அதன்மேல். என் டைம்லைனில் அது வேட்டியாகவே இல்லை. இடுப்புக்குக் கீழே வெள்ளைத் தாள் ஒட்டியது போல இருந்தது. கரை இல்லை, மடிப்பு இல்லை. கேமரா பிடித்த தம்பிக்குப் போன் போட்டு, "என்னப்பா, ஓவர் பண்ணி வச்சிருக்கியே" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவன் பதறவில்லை. "அண்ணே, கிரேடை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஒரிஜினலைப் பாருங்க" என்றான். கிரேடு என்றால் எடிட்டிங்கில் நாம் செய்யும் நிற, வெளிச்சத் திருத்தம். பார்த்தேன். சரிகைக் கரை, மடிப்பு, மடிப்புக்குள் விழுந்த மெல்லிய நிழல் எல்லாம் அப்படியே இருந்தன. தொலைத்தது நான்தான்.

கேமராக்காரர் மேல் நாம் போடும் பழியில் பாதி இப்படித்தான். விவரம் ஃபைலில் இருக்கும். எடிட்டிங் மேசையில் நாம் வைத்த வரிசை அதைக் கொன்றிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் சக்கரங்களைத் திருகுவதைவிட, எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிப்பதற்கும் எந்த வரிசையில் வேலை செய்வது என்பதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நான் வேலை செய்வது டாவின்சி ரிசால்வில். பிரீமியர் ப்ரோவில் மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். உதாரணம் கல்யாண வீடியோதான். வெள்ளை வேட்டி, கறுப்புக் கூந்தல், ஹோமத் தீ, சரிகை நான்கும் ஒரே ஃப்ரேமில் நிற்கும் பரீட்சை வேறெங்கே கிடைக்கும்?

தொடங்கும் முன்: எது போனால் வராது?

ஹைலைட் (வெளிச்சப் பகுதி) போவதும் ஷேடோ (இருண்ட பகுதி) போவதும் ஒரே மாதிரி அல்ல. வெளிச்சம் சென்சாரின் கொள்ளளவைத் தாண்டினால் அதற்கு மேல் எல்லாம் ஒரே எண்ணாகப் பதியும். இதைத்தான் கிளிப் ஆவது என்கிறார்கள். ஸ்டூடியோவில் நாங்கள் 'பர்ன் ஆயிடுச்சு' என்போம். அங்கே மடிப்பும் கரையும் ஒரே எண். பிரித்தெடுக்க எதுவும் இல்லை. ஷேடோ அப்படித் திடீரென்று நிற்பதில்லை. விவரம் கொஞ்சம் கொஞ்சமாக நாய்ஸுக்குள் மூழ்கும். தூக்கினால் வரும், கூடவே எறும்பு ஊர்வது போன்ற புள்ளிகளும் வரும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சென்சார் ஒளியை நேர்கோட்டில் அளக்கிறது. ஒரு ஸ்டாப் கீழே போனால் ஒளி பாதி. 12 பிட்டில் மொத்தம் 4,096 படிநிலைகள். மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப் மட்டும் 2,048-ஐ எடுத்துக்கொள்ளும், அடுத்தது 1,024, அதற்கடுத்தது 512. இப்படியே இறங்கினால் பத்தாவது ஸ்டாப்புக்கு மிஞ்சுவது வெறும் 4. கூந்தல் இருக்குமிடம் அங்கேதான். இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் சோனியின் எஸ்-லாக்3, பேனசானிக்கின் வி-லாக் போன்ற லாக் வளைவுகள் வந்தன. அவை ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஏறக்குறைய சம பங்கு கொடுக்கின்றன. அதனால்தான் லாக் ஃபுட்டேஜ் கழுவிக் காயப்போட்ட துணி மாதிரி வெளிறித் தெரிகிறது.

இன்னொன்று, பதிவின் ஆழம். 8 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட் என்றால் 1,024. 8 பிட்டில் லாக் எடுக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். பதினான்கு ஸ்டாப்பை 256 படிக்குள் திணித்துவிட்டுப் பிறகு இழுத்துப் பிரித்தால், சுவரில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

படி 1: கண்ணை நம்பாமல் ஸ்கோப்பைத் திறக்கவும்

வேவ்ஃபார்ம் (படத்தின் வெளிச்சத்தை உயரமாகக் காட்டும் வரைபடம்), பரேட் (அதையே சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகக் காட்டுவது) இரண்டையும் திறந்துவையுங்கள். லேப்டாப் திரையின் பிரைட்னஸ் மாறும், இரவில் நம் கண்ணும் மாறும், வேவ்ஃபார்ம் மாறாது.

வேவ்ஃபார்மில் தேட வேண்டியது உயரத்தை அல்ல, உருவத்தை. விவரம் உள்ள வெள்ளை, மேலே இருந்தாலும் நூல் நூலாக, சற்றே கலைந்து தெரியும். பர்ன் ஆன வெள்ளை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே கிடைக்கோடாக நிற்கும். அந்தக் கோடு 100-இல்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எஸ்-லாக்3-இல் சோனி கேமராக்கள் ஏறக்குறைய 94 சதவீதத்திலேயே முட்டி நின்றுவிடும். பேனசானிக் ஜிஎச்5-இன் வி-லாக் எல் சுமார் 80-இலேயே முட்டும். '100 வரவில்லையே, பத்திரம்தான்' என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எதிர்ப்பக்க ஏமாற்றமும் உண்டு. எஸ்-லாக்3-இல் 18 சதவீதச் சாம்பல் நிறம் 41 ஐ.ஆர்.இ.-யிலும் (வேவ்ஃபார்மின் சதவீத அளவு), 90 சதவீத வெள்ளை 61 ஐ.ஆர்.இ.-யிலும் உட்காரும். வேட்டிக்கு உரிய இடம் 61 பக்கம். அங்கிருந்து 94 வரை இன்னும் மூன்றரை ஸ்டாப்புக்கு மேல் இடம் இருக்கிறது. வெயிலில் நின்ற என் மாப்பிள்ளையின் வேட்டி 80-இல் இருந்தது. லட்டை (LUT, லாக்கைச் சாதாரண நிறத்துக்கு மாற்றும் அட்டவணை) போட்டவுடன் வெளுத்துத் தெரிந்ததே தவிர, ஃபைலில் அது முழு உயிரோடு இருந்தது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. கிரேடை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு புதிய நோடில் (ரிசால்வில் ஒவ்வொரு திருத்தமும் உட்காரும் பெட்டி) கெயினை, அதாவது வெளிச்சப் பகுதியை ஏற்றி இறக்கும் சக்கரத்தை, கீழே இழுங்கள். அந்தக் கிடைக்கோடு பிரியாமல் ஒரே கோடாகக் கீழே இறங்கி வந்தால் அது கேமராவிலேயே போய்விட்டது. இறங்கும்போது நூல் நூலாகப் பிரிந்தால் விவரம் இருக்கிறது, தப்பு நம் பக்கம்.

பரேடையும் பார்க்க மறக்காதீர்கள். ஹோமத் தீ, குத்துவிளக்கு, மஞ்சள் பல்பு முன்னால் சிவப்பு மட்டும் முதலில் முட்டும். வேவ்ஃபார்ம் நல்லபடியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். வரவேற்பு மேடையின் நீல எல்.இ.டி. விளக்கில் நீலம் அதே வேலையைச் செய்யும்.

படி 2: லெவல் சரியா?

லெவல் என்பது ஃபைலில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் கொடுக்கும் எண்களின் எல்லை. 8 பிட்டில் வீடியோ லெவல் என்பது 16 முதல் 235 வரை, ஃபுல் லெவல் 0 முதல் 255 வரை. 10 பிட்டில் வீடியோ லெவல் 64 முதல் 940. மென்பொருள் இதைத் தவறாகப் புரிந்துகொண்டால், நீங்கள் தொடுவதற்கு முன்பே இரண்டு முனையும் நசுங்கியிருக்கும், அல்லது படம் முழுக்கப் பால் ஊற்றியது போல இருக்கும். ரிசால்வில் ஷாட்டின் மேல் ரைட் கிளிக், கிளிப் ஆட்ரிபியூட்ஸ், அதில் டேட்டா லெவல்ஸ். பெரும்பாலும் 'ஆட்டோ' சரியாகவே இருக்கும். ஒரே கல்யாணத்தில் இரண்டு கம்பெனி கேமரா, ஒரு போன், ஒரு டிரோன் கலந்து வரும்போதுதான் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

இதில் ஒரு லாபமும் ஒளிந்திருக்கிறது. பல கேமராக்கள் 235-க்கு மேலும் விவரத்தைப் பதிகின்றன. சூப்பர் ஒயிட் என்பார்கள். ஸ்கோப்பில் உச்சியோடு நின்றுவிட்டது போலத் தெரியும். கெயினைக் கொஞ்சம் இறக்கினால் மேகமோ வேட்டியோ மேலிருந்து இறங்கி வரும். லாக் இல்லாத சாதாரணப் பதிவில் எனக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இந்தக் கொஞ்ச இடம்தான்.

படி 3: வரிசை

எல்லாவற்றையும் விட இது முக்கியம், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ரிசால்வ் உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட் கணக்கில் வேலை செய்கிறது. அதாவது ஒரு நோடில் வெளிச்சம் உச்சியைத் தாண்டினாலும் அந்த எண்களை அது எறிவதில்லை. திரையில் காட்ட முடியாததால் வெள்ளையாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் நீங்களே பார்க்கலாம். முதல் நோடில் கெயின் 2.00. படம் வெந்துபோகும். இரண்டாவது நோடில் கெயின் 0.50. படம் முழுசாகத் திரும்பி வரும், ஒரு மடிப்பு குறையாமல். இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு நோடைச் சேர்த்து அதில் ஏதாவது ஒரு லட்டைப் போடுங்கள். வேட்டி திரும்பாது, சாம்பல் நிறத் தகடாக வரும்.

ஏன் இப்படி? லட் என்பது ஒரு அட்டவணை. பெரும்பாலான முப்பரிமாண லட்டுகளில் ஒரு பக்கத்துக்கு 33 அல்லது 65 புள்ளிகள். இந்த நிறம் வந்தால் அந்த நிறம் கொடு என்று மட்டும் அதற்குத் தெரியும். அட்டவணையின் எல்லைக்கு வெளியே வரும் எண்ணைக் கடைசி வரிக்கு இழுத்து வைத்துவிடும். தவிர, லாக்கின் மேல் ஸ்டாப்புகளை ரெக்.709 என்ற சாதாரண டி.வி. தரத்தின் சின்ன இடத்துக்குள் அடக்கும்போது உச்சியை நசுக்கியோ வெட்டியோதான் அது கொடுக்கிறது. நான் செய்த தப்பும் இதுவே: முதல் நோடில் லட், அதற்குப் பிறகு வெளிச்சத்தைக் குறைக்கப் போராட்டம். குழம்பு தீய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றிய கதை.

நான் இப்போது வைத்துக்கொள்ளும் வரிசை இது:

முதல் நோட், தேவைப்பட்டால் நாய்ஸ் குறைப்பு. ரிசால்வில் இது காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு.

இரண்டாவது, வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும். லாக் ஃபுட்டேஜாக இருந்தால் இங்கே ஆஃப்செட் சக்கரத்தை மட்டும் தொடுங்கள். லாக்கில் ஸ்டாப்புகள் சம இடைவெளியில் இருப்பதால், ஆஃப்செட்டை ஏற்றி இறக்குவது கேமராவின் ஐரிஸைத் திறந்து மூடுவதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

மூன்றாவது, ஹைலைட், ஷேடோ வேலை. நான்காவது, முகத்தை மட்டும் வட்டம் போட்டுத் திருத்தும் விண்டோ மாதிரியான தனி வேலைகள்.

கடைசியில்தான் லட், அல்லது கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம். இரண்டில் எனக்குப் பிடித்தது பின்னது. அட்டவணை இல்லாமல் கணக்குப் போட்டு மாற்றுவதாலும், டோன் மேப்பிங் உச்சியை மெதுவாக வளைத்துக் கொடுப்பதாலும் வேட்டிக்கு அதுவே நல்லது. கடைசி நோடை முதலிலேயே போட்டு வைத்துவிட்டு, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே முன் நோடுகளில் வேலை செய்யுங்கள். வெறும் லாக்கைப் பார்த்துக்கொண்டு கிரேடு செய்ய எனக்கும் வராது.

பிரீமியரில் லுமெட்ரி என்ற நிறத்திருத்தப் பேனலின் பேசிக் பகுதியில் இருக்கும் 'இன்புட் லட்', கீழே இருக்கும் எக்ஸ்போஷர் ஸ்லைடர்களுக்கு முன்பே வேலை செய்துவிடும். அதனால் லட்டை கிரியேட்டிவ் பகுதியின் 'லுக்' இடத்தில் வைத்து, திருத்தங்களை பேசிக்கில் செய்யுங்கள். இன்னொரு பொறி: எஃபெக்ட்ஸ் பட்டியலில் '32' என்ற சின்னம் இல்லாத பழைய எஃபெக்டுகள் 8 பிட்டில் ஓடுபவை. அப்படி ஒன்றை லுமெட்ரிக்கு முன்னால் போட்டால், மேலே தாண்டிய விவரம் அங்கேயே வெட்டுப்படும்.

படி 4: ஹைலைட்டை இறக்குவது

புதிதாக வருபவர்கள் ஹைலைட் ஸ்லைடரைத் தரையில் போய் இடிக்கும்வரை இழுப்பார்கள். மடிப்பு வரும், கூடவே வேட்டி நனைந்த துணி போலச் சாம்பலாகும். வெள்ளை வெள்ளையாகவும் இருக்க வேண்டும், உள்ளே விவரமும் தெரிய வேண்டும். ரெக்.709-க்கு மாற்றிய பிறகு வேட்டியின் பெரும்பகுதியை 80 முதல் 90 சதவீதத்துக்குள் வைக்கிறேன். அதற்கு மேலுள்ள இடம் சரிகை மின்னலுக்கும் நெற்றிச் சுட்டியின் பளிச்சுக்கும்.

அந்தப் பளிச்சு பர்ன் ஆகலாமா? தாராளமாக. சரிகையின் ஒரு புள்ளி, தீயின் நடுப்பகுதி, ஃப்ரேமுக்குள் தெரியும் டியூப் லைட், பாத்திரத்தில் அடிக்கும் வெயில் இவை வெளுத்தால்தான் கண்ணுக்கு இயல்பு. அவற்றையும் பிடித்து இறக்கினால் படம் செத்துப்போகும். நான் விட்டுக்கொடுக்காதவை மூன்று: முகத்தின் நெற்றி மேடு, துணியின் மடிப்பு, மல்லிகை. மல்லிகை ஒரே வெள்ளைத் திட்டாகிவிட்டால் கல்யாணப் பெண்ணின் அம்மாவே முதலில் கண்டுபிடிப்பார்.

கருவி என்று பார்த்தால், கர்வ்ஸில் நடுவில் ஒரு புள்ளியை ஊன்றிவிட்டு, மேல் பகுதியை மட்டும் தோள்பட்டை போல வளைப்பது எனக்குப் பழகிய வழி. கர்வ்ஸ் பக்கத்திலேயே சாஃப்ட் கிளிப் இருக்கிறது. உச்சியில் திடீரென்று முட்டும் கோட்டை அது கொஞ்சம் மென்மையாக்கும். தொலைந்ததைத் திருப்பித் தராது.

ஒரு நிறம் மட்டும் பர்ன் ஆன ஷாட் தனி வகை. ஹோமத்தின் முன் உட்கார்ந்த மாப்பிள்ளையின் கன்னத்தில் சிவப்பு முட்டி நிற்க, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். தோல் மஞ்சள் காமாலை வந்தது போல ஆகும். எக்ஸ்போஷரை இறக்கினால் மஞ்சள் போகாது. லம் வெர்சஸ் சாட் கர்வில் மேல் முனையின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அந்த இடம் வெதுவெதுப்பான வெள்ளையாகி, தீ வெளிச்சம் என்று கண் ஏற்றுக்கொள்ளும். இது மீட்பு இல்லை, ஒப்பனை. ஆனால் வேலை செய்யும்.

ரா ஃபார்மட்டில் (சென்சார் தந்ததை ஏறக்குறைய அப்படியே பதிவது) எடுத்திருந்தால் கேமரா ரா பகுதியில் 'ஹைலைட் ரெக்கவரி' என்று ஒரு டிக் இருக்கும். முட்டாமல் மிச்சமிருக்கும் நிறங்களை வைத்து, முட்டியதை அது ஊகித்து நிரப்பப் பார்க்கும். போட்டுப் பாருங்கள்; ஓரங்களில் நிறம் மாறினால் எடுத்துவிடுங்கள்.

படி 5: ஷேடோவைத் தூக்குவது

லிஃப்ட் சக்கரத்தைத் தூக்கினால் கறுப்பே மேலே வந்துவிடும். கூந்தல் புகைபிடித்த சாம்பலாகும், படம் முழுக்க மூடுபனி. தூக்க வேண்டியது அடித்தளத்தை அல்ல, அதற்குச் சற்று மேலே இருக்கும் பகுதியை. நடு வெளிச்சத்தை மாற்றும் காமாவை ஏற்றிவிட்டு லிஃப்டை ஒரு துளி இறக்குங்கள். அல்லது ஷேடோ ஸ்லைடரை ஏற்றி, கறுப்பு நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். லாக் சக்கரங்களில் 'லோ ரேஞ்ச்' மூலம் எந்த உயரம்வரை ஷேடோ என்று நீங்களே வரையறுக்கலாம். கூந்தலுக்கும் கரும்பச்சைப் பட்டுக்கும் நடுவே கோடு போட அது உதவும்.

எவ்வளவு தூக்கலாம்? என் அனுபவத்தில் 8 பிட் பதிவு ஒரு ஸ்டாப் தாங்கும். அதற்கு மேல் போனால் கூந்தலுக்குள் சதுரம் சதுரமாகக் கட்டம் தெரியும். அது நாய்ஸ் இல்லை, சுருக்கிப் பதியும்போது கேமரா தூக்கி எறிந்த இடத்தின் தழும்பு. 10 பிட்டில் இரண்டு ஸ்டாப்வரை துணிவேன். நாய்ஸ் குறைக்கும்போது நிற நாய்ஸை அதிகமாகவும் ஒளி நாய்ஸைக் குறைவாகவும் குறையுங்கள். பச்சை, ஊதாப் புள்ளிகள்தான் கண்ணை உறுத்துபவை. மற்றதை ஒரே வழியாகத் துடைத்தால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லா நிழலுக்குள்ளும் விவரம் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மண்டபத்தின் பின்வரிசையில் யார் தூங்குகிறார்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். பெண்ணின் பின்னலில் ஜடை அலங்காரம் தெரிந்தால் போதும். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு விண்டோ போட்டு, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, டிராக் செய்துவிடலாம். 8 பிட் படத்தில் குவாலிஃபையரால் நிறத்தைப் பிடித்தால் ஓரம் பல்லிளிக்கும், விண்டோவே பாதுகாப்பு.

படி 6: வெளியே எடுக்கும்போது

டைம்லைனில் காப்பாற்றியதை எக்ஸ்போர்ட்டில் தொலைப்பவர்கள் உண்டு. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைக்காலக் கோப்பு என்றால் புரோரெஸ் 422 எச்.க்யூ., அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்.க்யூ.எக்ஸ். பெயரில் கடைசி 'எக்ஸ்' முக்கியம். அது இல்லாத எச்.க்யூ. 8 பிட். பிராக்ஸியில் (வேகத்துக்காக வைக்கும் சின்ன நகல் கோப்பு) எடிட் செய்திருந்தால், ரெண்டருக்கு முன் ஒரிஜினலுக்கு மாறிவிட்டீர்களா என்று பாருங்கள்.

யூடியூபுக்கோ பென்டிரைவுக்கோ 8 பிட்டில் போகிறது என்றால், மண்டபச் சுவரிலும் மாலை வானத்திலும் பட்டை விழும் வாய்ப்பு உண்டு. கடைசி நோடில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கொஞ்சம் கிரெய்ன் (ஃபிலிம் போன்ற மெல்லிய புள்ளிகள்) சேருங்கள். பட்டையின் ஓரத்தை அது கலைத்துவிடும். பிட்ரேட்டைக் கஞ்சத்தனமாக வைத்தால் கிரெய்னையும் சேர்த்து அது தின்றுவிடும்.

அடுத்த கல்யாணத்துக்கு முன் கேமராத் தம்பியிடம் சொல்ல வேண்டியது

எஸ்-லாக்3 என்றால் ஜீப்ராவை (வெளிச்சம் எல்லை தாண்டும் இடத்தில் கேமராத் திரையில் கோடு காட்டும் வசதி) 94-க்கு மேல் காட்டும்படி வைக்கச் சொல்லுங்கள். வேட்டியில் கோடு தெரியாதவரை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக எடுக்கட்டும். ஷேடோ நாய்ஸில்லாமல் வரும், மேலே இடமும் இருக்கும். லாக் இல்லாத 8 பிட் என்றால் நேர் எதிர்: வேட்டியைக் காப்பாற்றி எடுக்கட்டும், முகத்தை நாம் தூக்கிக்கொள்ளலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட வேண்டாம்.

கடைசிச் சோதனை

ரெண்டர் முடிந்ததும் அந்தக் கோப்பை மறுபடி டைம்லைனில், கிரேடு செய்த அதே காட்சிக்கு மேல் ட்ராக்கில் வையுங்கள். இன்ஸ்பெக்டரில் காம்போசிட் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்குங்கள். திரை கிட்டத்தட்டக் கறுப்பாக, ஓரங்களில் லேசான தூசி மட்டும் தெரிந்தால் சரி. முழுப் படமும் ஆவி போல மங்கலாகத் தெரிந்தால் லெவல் எங்கோ மாறிவிட்டது. டெலிவர் பக்கத்தில் டேட்டா லெவல்ஸை 'வீடியோ' என்று வைத்து மறுபடி எடுங்கள். அப்புறம் நான் மாப்பிள்ளை நுழையும் ஷாட்டில் நிறுத்தி, 200 சதவீதம் பெரிதாக்கி, வேட்டிக் கரையைப் பார்த்துவிட்டுத்தான் லிங்க் அனுப்புகிறேன்.